பேசாத படங்கள் சொன்ன குடும்பக் கதைகள்

ஊமைப்படம் என்றதும் எம்மில் அநேகருக்கு நினைவில் வருபவர் சார்லி சப்ளின். தொப்பி, பிரம்பு, தள்ளாடும் நடை, விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும் குறும்பு. ஊமைப்படம் என்றால் இவ்வளவுதான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் சப்ளின் கமராவுக்கு முன்னால் முதன்முதலாக வந்து நின்ற 1914ஆம் ஆண்டுக்கு முன்பே, நாம் இன்று வாழுகின்ற இந்தச் சின்னஞ்சிறு டென்மார்க், உலகமெங்கும் படங்களை அனுப்பி விற்றுக்கொண்டிருந்தது. அந்தப் படங்களில் பெரும்பகுதி குடும்பக் கதைகள். வீட்டை விட்டுப் போன மகள், கடன்பட்டுத் திரிந்த மகன், கண்ணீரோடு காத்திருந்த தாய், கோபத்தில் கொதித்த தந்தை என்று எமக்கு மிகவும் பழக்கமான மனிதர்களே அவற்றில் வருகிறார்கள்.

"இந்த நாட்டவர்களுக்குக் குடும்பம், மானம், மரியாதை என்றெல்லாம் ஏதும் கிடையாது" என்ற பேச்சு எம்மவர் வீடுகளில் அடிக்கடி எழுகின்றது. மகள் பாடசாலைச் சுற்றுலாவுக்குப் போகக் கேட்கும்போது எழுகின்றது. மகன் இரவு நேரம் கழித்து வரும்போதும் எழுகின்றது. அப்படிப் பேசுமுன் இந்த நாட்டவரின் பாட்டனும் பாட்டியும் காசு கொடுத்துப் பார்த்த படங்களை நாம் ஒருமுறை பார்க்க வேண்டும். எமக்கு இன்றுள்ள அச்சங்கள் அன்று அவர்களுக்கும் இருந்தன. அந்த அச்சங்களோடு அவர்கள் எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பதையும் அப்படங்கள் சொல்கின்றன.

பத்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கை

டென்மார்க்கின் முதற் படத்தை எடுத்தவர் பீற்றர் எல்பெல்ட் என்ற புகைப்படக் கலைஞர். 1897இல் கிறீன்லாந்து நாய்கள் இழுத்துச் செல்லும் சறுக்கு வண்டியை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் படம்பிடித்தார். அதில் கதை இல்லை. கதை சொல்லும் முதற் படத்தை 1903இல் அவரே எடுத்தார். படத்தின் பெயர் 'மரணதண்டனை'. தான் பெற்ற பிள்ளைகளைக் கொன்ற ஒரு தாயைத் தண்டனைக்கு அழைத்துச் செல்லும் கதை அது. அதன் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. டெனிஷ் சினிமாவின் முதற் கதையே சிதறிப்போன ஒரு குடும்பத்தின் கதையாக அமைந்துவிட்டது!

ஹோர்சன்ஸ் வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டென்மார்க்கில் சமாதான காலத்தில் நிறைவேற்றப்பட்ட கடைசி மரணதண்டனை, 1892 நவம்பர் 8இல் எமது நகரின் சிறைச்சாலை முற்றத்திலேயே நடந்தது. எல்பெல்ட் அந்தப் படத்தை எடுத்தபோது அது பதினொரு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. அன்று படம் பார்த்தவர்களுக்கு அது பழங்கதையாக இருந்திருக்காது.

அக்காலத்துப் படங்கள் ஏன் இவ்வளவு சிறியவை என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். ஒரு சுருள் பிலிம் ஏறத்தாழ முந்நூறு மீற்றர். அதை ஓட்டினால் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஓடும். ஒரு காட்சிக்குப் பல சிறு படங்களைச் சேர்த்துக் காட்டுவார்கள். பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார். இவ்வளவு குறுகிய நேரத்தில் நல்லவன் யார், கெட்டவன் யார், முடிவில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் பார்ப்பவருக்கு விளங்க வேண்டும். அதனால்தான் அக்கதைகள் நீதிக்கதைகள் போல நேராகவும் கூர்மையாகவும் இருந்தன.

தடை போட்ட மந்திரியும் எமது ஊர்ச் சிறையும்

1906இல் ஓலே ஓல்சன் என்பவர் கொப்பன்ஹேகனில் 'நோர்டிஸ்க் பிலிம்' நிறுவனத்தைத் தொடங்கினார். பூமி உருண்டையின் மேல் வெண்கரடி நிற்கும் அதன் சின்னத்தை இன்றும் திரையரங்குகளில் காணலாம். 1907இல் அவர் 'சிங்க வேட்டை' என்றொரு படம் எடுத்தார். ஜேர்மனியிலிருந்து இரண்டு வயதான சிங்கங்களை வாங்கி வந்து, படத்துக்காக உண்மையாகவே சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. நீதி மந்திரி பீற்றர் அட்லர் அல்பெர்ட்டி படத்துக்குத் தடை போட்டார்.

பின்பு நடந்தது வேடிக்கை! ஒழுக்கத்தின் பெயரால் தடை போட்ட அதே மந்திரி, விவசாயிகளின் சேமிப்பு வங்கிப் பணத்தில் பல மில்லியன் குரோணர்களை மோசடி செய்தவர் என்பது 1908இல் வெளிவந்தது. செப்டெம்பர் 8ஆம் திகதி அவரே பொலிஸாரிடம் சென்று சரணடைந்தார். 1910இல் எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை அவர் அனுபவித்த இடம் எமது ஹோர்சன்ஸ் சிறைச்சாலை. 1853இல் திறக்கப்பட்ட அச்சிறை 2006இல் மூடப்பட்டது. இப்போது அங்கு அருங்காட்சியகமும் இசை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. பிள்ளைகளை அங்கு கூட்டிச் செல்பவர்கள் இந்தக் கதையையும் சொல்லலாம். மற்றவர் ஒழுக்கத்துக்குக் காவல் நிற்பவரின் கணக்குப் புத்தகமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எமது ஊர் ஆலய நிர்வாகங்கள் தொடக்கம் எல்லோருக்கும் பொருந்தும் பாடமல்லவா?

"லண்டனில் நல்ல வேலை"

1910இல் டெனிஷ் சினிமாவை மாற்றிய படம் பிறந்தது தலைநகரில் அல்ல. எமக்கு வடக்கே உள்ள ஓகூஸ் நகரில்! அங்கிருந்த 'போட்டோறாமா' என்ற நிறுவனம் 'வெள்ளை அடிமை வியாபாரம்' என்ற படத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடும்படி எடுத்தது. மக்கள் இவ்வளவு நேரம் ஒரே கதையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களா என்ற சந்தேகத்தை அப்படம் தீர்த்து வைத்தது. கூட்டம் அலைமோதியது. இதைக் கண்ட நோர்டிஸ்க் நிறுவனம் அதே ஆண்டில் அதே பெயரில், காட்சிக்குக் காட்சி பிரதி செய்து தன் படத்தை வெளியிட்டது. ஓகூசில் எடுத்த மூலப்படம் தொலைந்துவிட்டது. பிரதி செய்தவரின் படமே இன்று மிஞ்சியிருக்கின்றது.

கதை இதுதான். ஏழைப் பெற்றோரின் மகள் அன்னாவுக்கு லண்டனில் நல்ல சம்பளத்தில் வேலை இருப்பதாகச் செய்தி வருகிறது. பெற்றோர் கலங்கினாலும் வீட்டு நிலைமையை எண்ணி வழியனுப்பி வைக்கிறார்கள். போய்ச் சேர்ந்த பின்புதான், தன்னை ஒரு விபசார விடுதிக்கு விற்றுவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிய வருகிறது. அங்கே வேலைசெய்யும் ஒரு பெண்ணின் உதவியோடு வீட்டுக்குக் கடிதம் அனுப்புகிறாள். சிறுவயது நண்பன் தேடிச் சென்று மீட்டு வருகிறான்.

இதைப் பார்க்கும் எம்மவர் எவருக்கும் நெஞ்சு திடுக்கிடும். முகம் தெரியாத ஏஜென்சியை நம்பி, பிள்ளையை விமானமேற்றிவிட்டு, கடிதம் வரும் வரை சாப்பிடாமல் இருந்த தாய்மாரை நாம் அறிவோம். வழியில் அனுபவித்ததை இன்றுவரை வாய் திறந்து சொல்லாத பெண்களும் எம்மிடையே இருக்கிறார்கள். இந்தப் படத்தில் ஒரு விடயம் என் மனதைத் தொட்டது. மீண்டு வந்த மகளை அந்தப் பெற்றோர் அணைத்துக்கொள்கிறார்கள். குற்றம் ஏமாற்றியவன் மேல்தான். ஏமாந்தவள் மேல் எவரும் கல்லெறியவில்லை. 1910இல் ஒரு சாதாரணக் கூலிக் குடும்பத்துக்குக் காட்டப்பட்ட இந்த நீதியை, இன்று எம்முடைய எல்லா வீடுகளிலும் காணமுடிகிறதா?

மணியடித்த முகம்

அதே 1910ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி கொப்பன்ஹேகனில் இன்னொரு படம் திரைக்கு வந்தது. ஊர்பன் காட் இயக்கிய 'அதலபாதாளம்', டெனிஷ் மொழியில் 'அவ்குருண்டன்'. பியானோ சொல்லிக் கொடுக்கும் மாக்டா என்ற பெண்ணுக்கு ஒரு பாதிரியாரின் மகனோடு திருமணம் நிச்சயமாகிறது. அவளோ ஒரு சர்க்கஸ்காரன் மேல் மனதைப் பறிகொடுத்து, ஜன்னல் வழியாக அவனோடு ஓடிப்போகிறாள். அவன் அவளைப் பாடாய்ப் படுத்துகிறான். கடைசியில் அவனைக் கத்தியால் குத்திவிட்டு, பொலிஸார் அழைத்துச் செல்ல நடந்து போகிறாள்.

கதையை மட்டும் கேட்டால், "பெரியோர் சொல் கேளாத பெண்ணுக்கு இதுதான் கதி" என்ற பழைய பல்லவி. ஆனால் மாக்டாவாக நடித்த அஸ்டா நீல்சன் அதை வேறொன்றாக மாற்றிவிட்டார். மற்றவர்கள் மேடை நாடகத்தில் போலக் கையை உயர்த்தி மார்பில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் அசையாமல் நின்று கண்களாலும் தோள்களாலும் நடித்தார். கடைசிக் காட்சியில் அவர் நடந்து போகும்போது "வேணும் இவளுக்கு" என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஐரோப்பா முழுவதும் அவருடைய பெயர் பரவியது. அடுத்த ஆண்டே ஜேர்மனி அவரை அழைத்துக்கொண்டது.

அஸ்டா நீல்சன் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாய் உடுப்புத் துவைத்துப் பிழைத்தவர். அஸ்டா திருமணம் முடிக்காமலே 1901இல் ஒரு பெண்குழந்தைக்குத் தாயானவர். அன்றைய டென்மார்க் அதை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் குழந்தையைக் கைவிடாமல் வளர்த்தார். திரையில் அவர் காட்டிய துயரம் எங்கிருந்து வந்தது என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

1911இல் ஓகஸ்ட் புளோம் இயக்கிய 'சிறை வாசலில்' படத்தையும் குறிப்பிட வேண்டும். செல்வந்த விதவை ஒருத்தியின் மகன் களியாட்டத்தில் பணத்தை அழித்து, வட்டிக்கடைக்காரனிடம் கடன்பட்டு, அந்த வட்டிக்காரனின் மகளையே விரும்பிவிடுகிறான். மகனாக நடித்த வல்டெமார் சிலண்டர் அந்நாளில் பெரும் நட்சத்திரம். அறைக்குள் நிலைக்கண்ணாடி ஒன்றை வைத்து, கமராவுக்கு வெளியே நிற்பவரையும் அதில் காட்டும் உத்தியை இக்காலத்து டெனிஷ் படங்கள் அழகாகக் கையாண்டன. ஒளிந்து நின்று பார்க்கும் தாயின் முகம் கண்ணாடியில் தெரிந்தால் வசனம் எதற்கு?

வசனம் இல்லாததுதான் இந்தச் சிறிய நாட்டுக்கு வாய்ப்பாயிற்று. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை மாற்றினால் ஒரே படம் ஜேர்மனியிலும் ரஷ்யாவிலும் ஓடும். ரஷ்ய ரசிகர்கள் சோகத்தையே விரும்புகிறார்கள் என்று சொல்லி, சில படங்களுக்கு அவர்களுக்கென்று தனியாகத் துயர முடிவையும் எடுத்து அனுப்பினார்கள்! ஒரே குடும்பம் இங்கே சேர்ந்து வாழ்ந்தது, அங்கே அழிந்து போனது. சினிமாவின் நீதி எவ்வளவு தூரம் வியாபாரத்தின் நீதி என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அரிச்சந்திரனும் அவன் குடும்பமும்

அப்போது எமது பக்கத்தில் என்ன நடந்தது? 1913 மே 3இல் பம்பாயில் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா அரிச்சந்திரா' திரையிடப்பட்டது. அதுவும் ஊமைப்படம், அதுவும் குடும்பக் கதை! உண்மைக்காக மனைவியையும் மகனையும் விற்ற மன்னனின் கதை எமக்குப் புதிதல்ல. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்து அழுத தலைமுறை எம்மிடையே இருக்கின்றது. நடிப்பது குடும்பப் பெண்ணுக்கு அடுக்காது என்றிருந்த காலம் அது. பால்கேக்கு நடிக்க ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லை. அரசி தாராமதியாகச் சாளுங்கே என்ற ஆண் நடித்தார்.

சென்னையில் மோட்டார் உதிரிப்பாக வியாபாரியாக இருந்த நடராஜ முதலியார், 1917-18 காலப்பகுதியில் 'கீசகவதம்' எடுத்துத் தென்னிந்தியாவின் முதற் கதைப்படத்தைத் தந்தார். அவருடைய படங்களில் ஒன்றேனும் இன்று மிஞ்சவில்லை. அவரும் பெண்ணின் மானத்தைத்தான் கதையாக எடுத்தார், ஆனால் பாரதத்திலிருந்து எடுத்தார். டெனிஷ்காரர் அதே கேள்வியைப் பக்கத்து வீட்டு ஆசிரியையிடமும் கூலிக்காரனின் மகளிடமும் கேட்டார்கள். சோதனை ஒன்றுதான். சோதிக்கப்பட்டவர்களே வேறு.

தகப்பன் மூலையில் நின்ற கதை

இதுவரை சொன்ன கதைகளில் தண்டனையும் துன்பமும் அனேகமாகப் பிள்ளைகளுக்குத்தான். 1925இல் ஒரு படம் இதைத் தலைகீழாக மாற்றியது. கார்ல் தியோடர் டிரையர் இயக்கிய அந்தப் படத்தின் பெயர் 'உன் மனைவியைக் கனம்பண்ணுவாயாக'. வேதாகமத்தில் தாய் தந்தையரைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையின் சாயலில் வைத்த பெயர். இது குறும்படம் அல்ல, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். ஆனால் டிரையர் தொழில் பழகியது நோர்டிஸ்க் நிறுவனத்தின் அந்தக் குடும்பக் கதைகளுக்கு எழுத்து அட்டைகளும் கதைகளும் எழுதித்தான்.

விக்டர் என்பவர் சொந்தத் தொழில் நொடித்துப் போனவர். வெளியில் இழந்த மரியாதையை வீட்டில் வசூலிக்கிறார். கோப்பி சரியில்லை, பாண் சரியில்லை, உடுப்புக் காயப்போட்ட இடம் சரியில்லை. மனைவி ஈடா விடியுமுன் எழுந்து நள்ளிரவு வரை ஓடுகிறாள். தன் பாணில் பூச வேண்டிய பட்டரை அவருக்குப் பூசுகிறாள். மகனை மூலையில் நிற்கவைத்துத் தண்டிக்கிறார். கடைசியில், விக்டரைச் சிறுவயதில் வளர்த்த கிழவி மாஸ் வீட்டுப் பொறுப்பைக் கையில் எடுக்கிறார். நோயுற்ற ஈடாவை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, விக்டரை அடுப்பு மூட்டவும் வேலைகள் செய்யவும் வைக்கிறார். மகன் நின்ற அதே மூலையில் தகப்பனை நிறுத்துகிறார்! மெல்ல மெல்ல அந்த மனிதருக்கு மனைவியின் ஒரு நாள் எப்படிப்பட்டது என்பது புரிகின்றது.

ஊரில் உத்தியோகம் பார்த்தவர், வாத்தியார் என்று நான்கு பேர் எழுந்து நின்று மதித்தவர், இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். டெனிஷ் மொழி நாவில் ஏறவில்லை. கொமூனில் இருந்து வரும் கடிதத்தைப் பத்து வயது மகன் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அந்த வலி பொய்யல்ல. ஆனால் அந்த வலியை அவர் எங்கே இறக்கி வைக்கிறார்? வேலைக்கும் போய், மொழி வகுப்புக்கும் போய், சமையலும் செய்யும் மனைவியின் தலையில் அல்லவா? விக்டர் கெட்டவர் அல்ல, தோற்றுப்போனவர் என்பதைப் படம் மறக்கவில்லை. அதனால்தான் அவரைத் திருத்த முடிகிறது. பொலிஸ் வரவில்லை, வீடு உடையவில்லை. குடும்பத்தில் மதிப்புள்ள ஒரு முதியவர் வாய் திறந்தார், அவ்வளவுதான். எமது குடும்பங்களில் அந்தக் கிழவியின் இடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் வாய் மூடி இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்போம்.

டிரையரின் சொந்தக் கதையும் இதற்குள் உண்டு. 1889இல் கொப்பன்ஹேகனில், திருமணமாகாத ஒரு சுவீடன் நாட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் பிறந்தவர் அவர். அந்தத் தாய் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டு, சிறிது காலத்தில் இறந்துபோனாள். வேலை தேடி அயல்நாட்டுக்கு வந்து, கேட்பாரற்று மடிந்த ஒரு பெண்ணின் மகன்தான், வீட்டில் உழைக்கும் பெண்ணின் ஒவ்வொரு அசைவையும் இவ்வளவு கவனமாகப் படம்பிடித்தார்.

பிள்ளைகளோடு பார்ப்போம்

1931இல் டெனிஷ் சினிமா முழுநீளமாகப் பேசத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் தமிழில் 'காளிதாஸ்' வந்தது. பேசத் தொடங்கியதும் டெனிஷ் படங்களின் உலகச் சந்தை சுருங்கியது, சிறிய மொழியின் கதி அது. பழைய பிலிம்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. பல அழிந்துவிட்டன. மிஞ்சியவற்றை டென்மார்க் திரைப்பட நிறுவனம் 'ஸ்டும்பில்ம்' என்ற தனது இணையத்தளத்தில் இலவசமாகவே காட்டுகின்றது. 'ஸ்டும்பில்ம்' என்றால் ஊமைப்படம் என்றே பொருள். டிரையரின் படத்தை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

புதிதாக மொழி படிக்கும் பெற்றோருக்கு இப்படங்கள் நல்ல பயிற்சி. எழுத்து அட்டையில் ஒன்றிரண்டு சிறிய வசனங்களே வரும். அவசரமின்றி வாசிக்கலாம். 1948இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் பெயர்ச்சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கியதால், எது பெயர்ச்சொல் என்பதையும் கண்டுபிடிக்கலாம். அட்டையைப் பிள்ளை வாசித்துத் தமிழில் சொல்லட்டும். காட்சியில் நடப்பதைப் பெற்றோர் சொல்லட்டும். மொழி தெரிந்த பிள்ளையும் வாழ்க்கை தெரிந்த பெற்றோரும் ஒரே வாங்கில் சமமாக அமர இப்படி ஒரு வாய்ப்பு இலேசில் கிடைக்காது. 'வெள்ளை அடிமை வியாபாரம்', 'அதலபாதாளம்' இரண்டும் சிறுவருக்கு உரியவை அல்ல. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம்.

படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். "அன்னாவின் அப்பா செய்தது சரியா? மாக்டாவுக்கு வேறு வழி இருந்ததா? விக்டர் உண்மையாகத் திருந்தினாரா?" என்று கேட்டுப் பாருங்கள். தன்னைப் பற்றிக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்று அறைக்குள் போய்விடும் பிள்ளை, மாக்டாவைப் பற்றிக் கேட்டால் பேசும். அந்தப் பேச்சுக்குள் தன்னைப் பற்றியும் சொல்லும். அப்போது குறுக்கே பாயாமல், சற்று நேரம் நாங்கள் ஊமையாக இருந்து கேட்க வேண்டும்.